மகிழ்ச்சிக்குத் தொண்ணூறு மார்க்

மேசையின் தலைப்பக்கத்தில் நிதிக்குத் தகுதி பார்க்கும் கருவி இருந்தது. வலப்பக்கம் தொண்டு நிறுவன இயக்குநர் வரதன். எதிரே, பதினெட்டு வருடம் மலையேறிய கள அலுவலர் எஸ்தர். கதவோரம், பதி என்னும் இருளர் குடியிருப்பிலிருந்து வந்த நஞ்சன்.

“இந்தக் கருவி ஒரு வாரமா உங்க ஊர்க் குரலைக் கேட்டிருக்கு. ஒரே ஆட்டம் பாட்டம். மகிழ்ச்சிக்குத் தொண்ணூறு மார்க். உங்களுக்கு எதுக்குய்யா ஆம்புலன்ஸ் ஜீப்பு?” என்றார் வரதன்.

“அது எம் பொண்டாட்டி சாவுங்க. பிரசவத்துல போயிட்டா. நாங்க ஆடித்தானுங்க அனுப்புவோம். தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவ நாளு,” என்றான் நஞ்சன்.

வரதன் எஸ்தரிடம் திரும்பினார். “அடுத்த சாவுல கொஞ்சம் அழச் சொல்லுங்க மேடம். இப்போ மறுப்புல கையெழுத்துப் போடுங்க.”

எஸ்தர் மறுப்புத் தாளைத் திருப்பிப் போட்டு, வரதன் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டார். நிதி தரும் நன்கொடையாளரின் முகவரி எழுதிய உறையில் அதை இட்டு ஒட்டி, வரதன் பார்த்திருக்கவே, அன்றைய தபாலோடு வந்த தபால்காரரிடம் கொடுத்தனுப்பினார்.