கடைச் சரக்கு

"கையும் களவுமாப் புடிச்சிருக்கேனுங்க சார். கேஸ் போடாம விட்டுராதீங்க," என்றார் அரவேணு ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுந்தரராசு.

எஸ்.ஐ. மேசைமேல் அந்தக் கம்பளி கிடந்தது.

"திருடினியாம்மா?"

"எடுத்தேனுங்க," என்றாள் கருப்பம்மாள். "ஆனா அது அவரு சரக்குதானான்னு நல்லாக் கேட்டு எழுதிக்குங்க."

"என்ற கடைச் சீட்டு ஒட்டியிருக்குது பாருங்க," என்று சீறியபடியே புகாரில் கையெழுத்துப் போட்டார் சுந்தரராசு.

அதற்காகவே காத்திருந்தவள் சீட்டை உரித்தாள். அடியில் சிவப்பு நூலில், அவள் வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டின் பெயர் தைத்திருந்தது.

"எங்களுக்கு வருசா வருசம் குடுக்குற கம்பளிங்க. இன்னும் வரலைன்னு சொல்லிட்டாங்க. எங்கூட்டுக்காரரு குளுருலயே வெறச்சுச் செத்தாரு. வரலைன்னு சொன்ன எஸ்டேட் ஸ்டோர் கிளார்க்கும் இவருதானுங்க சார். கேஸ் போடாம விட்டுராதீங்க."