ஆராயிக்கு ஒரு துப்பாக்கி

"அது உங்களுக்கு ஆகாதுங்க அம்மிணி, இப்படிக் குடுங்க" என்று நல்லமுத்து கையை நீட்டியதும் ஆராயிக்குச் சுருக்கென்றது.

சேர்வராயன் கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை போட்டிருந்தான் நல்லமுத்து. பலகை மேல் பளபளவென்று மூன்று புதுத் துப்பாக்கிகள். முதலாவதைத்தான் அவள் எடுத்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் காபிப் பழம் உரிக்கிற மெஷினில் அவள் வலது கை போய்விட்டது. அதோடு எஸ்டேட் வேலையும் போனது. இப்போது அங்கே குரங்கு விரட்ட ஆள் தேவைப்பட்டது. மரங்களில் கட்டித் தொங்கவிட்ட தகரத்தில் ஏர்கன்னால் சுட வேண்டும்; சத்தத்துக்கே குரங்குகள் ஓடிவிடும். அந்த வேலைக்காக ஆராயி, பக்கத்து எஸ்டேட் காவல்காரரின் துப்பாக்கியை இரவல் வாங்கி இடது கையில் பழகினாள். வேலை கேட்டு ஒரு மாதமாக நடையாய் நடந்தாள்.

இன்று திருவிழாவில் அவளைப் பார்த்ததும், நாலு பேர் சிரிக்கட்டுமே என்று எஸ்டேட்டில் ஆள் எடுக்கிற ரைட்டர் மாதேஸ்வரன் சொல்லிவிட்டார்.

"இந்தக் கடையில பத்துக்கு எட்டு பலூன் உடைச்சிரு ஆராயி. நாளைக்கே வேலை உனக்கு."

அத்தனை பேர் முன்னால் சொன்னதை இனி அவராலும் மாற்ற முடியாது. ஆராயி இரண்டாவது துப்பாக்கியை எடுத்தாள். பின்கட்டையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, குண்டு போடுவதற்காக ஒரே இழுப்பில் குழாயை மடக்கிக் காட்டினாள். நல்லமுத்து அதையும் வாங்கி வைத்துக்கொண்டான். முன்பாரம் ஜாஸ்தியாம். மூன்றாவதைத் தொடவே விடவில்லை. கட்டை நீளமாம்.

ஒற்றைக் கை என்றால் இவனுக்கும் இளப்பமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டே விட்டார். நல்லமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டிக்கு அடியில் கையை விட்டு, டேப் சுற்றிய கிழட்டுத் துப்பாக்கி ஒன்றை வெளியே இழுத்தான்.

"சுடறதுன்னா இதுல சுடுங்க. இல்லீன்னா கிளம்புங்க."

ஆராயிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தகுதிக்கு இதுதான் என்று நினைத்துவிட்டானே. கோபத்தோடு வாங்கி, குண்டு போட்டு, குழாயைப் பலகையில் சாய்த்து, கட்டையை இடது தோளில் அழுத்தினாள்.

டப். ஒரு பலூன் போனது.

டப். இன்னொன்று.

ஐந்தாவதிலிருந்து கூட்டம் சத்தமாக எண்ண ஆரம்பித்தது. ஏழாவது மட்டும் தப்பியது. பத்துக்கு ஒன்பது. விசில் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஆராயி வாய்விட்டுச் சிரித்தாள்.

இதென்ன பெரிய வித்தை என்று ரைட்டர் ஒரு புதுத் துப்பாக்கியைத் தூக்கினார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சடக்கிச் சுட்டார். பத்துக்கு இரண்டு. கூட்டம் அவரைக் கேலி பண்ண ஆரம்பித்தது. காலையில் ஏழு மணிக்கு வந்துவிடு என்று ஆராயியிடம் முணுமுணுத்துவிட்டு, மனுஷன் நழுவினார்.

எல்லாரும் கலைந்ததும் ஆராயி துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். ஜெயித்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"ஏனுங்ண்ணா, புதுசு மூணு இருக்கறப்ப எனக்கு மட்டும் ஏனுங்க இந்தப் பழசு? ஒத்தக் கைக்கு இது போதும்னுங்களா?"

நல்லமுத்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசுங்க அம்மிணி. இதை இன்னிக்கு வரைக்கும் யாரு கையிலயும் குடுத்ததில்லீங்க. அந்த மூணுலயும் யாரு சுட்டாலும் தப்பணும்னு குறி பாக்கற முனைய நானேதான் நெம்பிக் கோணலா வெச்சிருக்கறேன். என் கடையில நேராச் சுடறது இது ஒண்ணுதானுங்க."