சசிரேகாவின் தோள்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் கம்பெனிக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கே தினம் எண்பது ரூபாய் கரைந்தது. இரண்டு வருடமாக, உடன் வேலை பார்க்கும் சசிரேகாவின் தோளில் தூங்கிக்கொண்டே வந்த செல்லக்கனி, அந்தக் காசையாவது ஊருக்கு அனுப்பலாமென்று கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தாள். முதல் நாள் காலை ஐந்தே நிமிடத்தில் நடந்து வந்துவிட்டாள்.

கம்பெனி கேட்டருகே ஆட்டோவிலிருந்து இறங்கிய சசிரேகா, மணி வைத்த புதுத் துப்பட்டாவை விலக்கித் தோளைத் தேய்த்தாள்.

“இன்னாடி, தோளு மரத்துப்போற அளவுக்குத் தூங்கிகினு வந்துட்டு, எனக்கு முன்னாடியே எறங்கி ஓடிட்ட? உன் காசும் நாந்தான் குடுத்தேன்.”

“நான் நடந்துல்லாக்கா வாரேன்!” என்று சிரித்தாள் செல்லக்கனி.

சசிரேகா சிரிக்கவில்லை. செல்லக்கனியின் கன்னத்தையே பார்த்தாள்.

செல்லக்கனி செல்போனில் முகம் பார்த்தாள். இடது கன்னத்தில் அந்தத் துப்பட்டாவின் மணிகள் வரிசையாக அழுந்திய தடம், இன்னும் சிவப்பாக இருந்தது.