ஆபத்துக்கு ஒரு பை

தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டார்ச், விசில் என்று பார்த்துப் பார்த்துப் பையில் அடுக்கினான் கணவன்.

“என்னங்க, வெள்ளம் கிள்ளம் வருதா?” என்றாள் மனைவி.

“வந்தப்புறம் தவிக்கிறதைவிட முன்னாடியே யோசிக்கணும்டி.”

இந்த மனுஷனுக்கு இத்தனை பொறுப்பா! அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் பங்குக்கு ஒரு விசிறியையும் செருகினாள்.

அவன் பையோடு வாசலுக்கு நடந்தான்.

“எங்க தூக்கிட்டுப் போறீங்க?”

“நம்ம லிஃப்ட்ல மாட்டத்தான். மூணு மாசமா நின்னு கிடந்தது இன்னைக்கு ஓடுது!”

“மெக்கானிக் வந்தாரா?”

“அவர் எதுக்கு? நானே பிரிச்சு மாட்டிட்டேன்.”

“அதான் ஓடுதே, அப்புறம் பை எதுக்கு?”

அவன் சட்டைப்பையிலிருந்து இரண்டு போல்ட்டுகளை எடுத்துக் காட்டினான்.

“எல்லாத்தையும் மாட்டினப்புறம் இது ரெண்டும் மிஞ்சிடுச்சு.”

அவள் உள்ளே ஓடிப்போய் இன்னும் நாலு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்தாள்.