கலைந்த தாள்கள்

மாணவர் ஆலோசனை மையத்துக்கு மாற்றலாகி வந்த நாலே நாளில் புது உதவியாளருக்கு ஆலோசகர் மேல் கடுப்பு வந்துவிட்டது. கண் கலங்கி வரும் பிள்ளைகளிடம் அந்தம்மா முதலில் நீட்டுவது ஒரு கட்டுப் பழைய விண்ணப்பங்களைத்தான்.

"கலைஞ்சு கிடக்கு. நம்பர் வரிசையில கொஞ்சம் அடுக்கிக் கொடுக்கறியாப்பா?"

இதற்குப் பேர் ஆலோசனையாம்!

உதவியாளர் இருபது வருடம் தேர்வுப் பிரிவில் குப்பை கொட்டியவர். கலைந்த தாளைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. மதியம் ஆலோசகர் சாப்பிடப் போன நேரத்தில் முந்நூறு தாளையும் அடுக்கி, துளையிட்டு, நூல் கோத்துக் கட்டிவிட்டார்.

திரும்பி வந்த ஆலோசகர் திடுக்கிட்டார். "ஐயோ, யார் செஞ்சது இது?"

"நான்தான் மேடம். அழுதுக்கிட்டு வர்ற பிள்ளைங்ககிட்ட போய் ஆபீஸ் வேலை வாங்கலாமா?"

ஆலோசகர் முடிச்சை அவிழ்த்தார். "இது வேண்டாம்னு தூக்கிப் போட்ட காகிதங்க. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே யாருக்கும் மனசுல இருக்கறது வராது. கண்ணு காகிதத்துல இருந்தா வாய் தானா திறக்கும். ஒவ்வொருத்தர் போனதும் நான்தான் திரும்பக் கலைச்சு வைக்கிறேன். மூணு மணிக்கு ஒரு பொண்ணு வருது. வாங்க, நீங்களும் கலைங்க."

உதவியாளர் அசடு வழிய உட்கார்ந்து கலைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாக உருவி இடம் மாற்றிச் செருகினார்.

"என் பையன் என்கிட்ட பேசி நாலு மாசமாச்சு மேடம்" என்றார் திடீரென்று, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆலோசகர் நிமிரவில்லை. மீதித் தாள்களையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.