கூன் சியோங்குக்குக் கேட்காத மேளம்

அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் இந்தப் பக்கம் எங்கள் மலாய்க் கல்யாணப் பந்தல், அந்தப் பக்கம் என் சீன நண்பர் கூன் சியோங்கின் சவப்பெட்டி. நடுவில் ஒரு நீலப் படுதா. மாப்பிள்ளை ஊர்வலம் அவர் பெட்டியைத் தாண்டும்போது, வழக்கப்படி கொம்பாங் மேளங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கிறோம். ஊதுவத்திப் புகை கண்ணை எரிக்கிறது. அவர் மகள் ஓடி வந்து என் கையைப் பிடிக்கிறாள்.

"ரொஸ்லான் அங்கிள், ஏன் நிறுத்திட்டீங்க? 'நான் போறப்ப ரொஸ்லான்தான் மேளம் அடிப்பான்'னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரே!"

மாப்பிள்ளையின் மாமா குறுக்கே வருகிறார். "வேணாம்மா. எவனாவது படம் எடுத்து நெட்டுல போட்டா, அடுத்த இனத்துச் சாவுல கூத்தடிச்சாங்கம்பான்."

கூன் சியோங்கோடு சேர்ந்து மூட்டை தூக்கிய கை இது. மேளத்தோலைத் தொட்டபடி சும்மா இருக்கிறது. பந்தலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அடிக்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன். சத்தம் அப்பா பக்கம் போகட்டும் என்று அவள் படுதாவை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதும் நான் மெதுவாகத்தான் அடிக்கிறேன்.