எண்ணி வாங்கிய பூக்கள்

"பூவை என் மடியிலேயே வை, ரோத்யா. உன்கிட்ட இருந்தா எங்கேயாவது வெச்சிட்டு வந்துடுவ."

கிளாவா கையை நீட்டினாள். காகிதம் சுற்றிய கார்னேஷன் பூங்கொத்தை, அவள் ரோத்யா என்று செல்லமாக அழைக்கும் கணவர் ரதியோன் அவள் மடியில் வைத்தார்.

"இந்தப் பனியில யாரை நம்பிக் கடைக்குப் போன? எண்ணிப் பார்த்து வாங்கினியா?" என்று கேட்டார்.

"மாடி வீட்டு நீனா கூட்டிட்டுப் போனா. கண்ணுதான் போச்சு. எண்ணக்கூடவா தெரியாது எனக்கு?"

பாலே நடனம் தொடங்கப்போவதைச் சொல்லும் மூன்றாவது மணி அரங்கில் அடித்தது. தங்கப் பூச்சு மாடங்கள் இருண்டன. பெரிய சரவிளக்கும் அணைந்தது. கிளாவா வாடகைப் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பைனாகுலர் எடுத்தவர்கள், வாசலில் கழற்றிக் கொடுத்த குளிர்கோட்டைத் திரும்ப வாங்க வரிசையில் நிற்க வேண்டாம் என்று அவள்தான் அடம்பிடித்து எடுக்க வைத்தாள். வேறொரு நாளாக இருந்தால் ரதியோன் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

திரை விலகியது.

"வந்துட்டாளா?"

"வந்துட்டா. வெள்ளை உடுப்பு. கழுத்தை நிமிர்த்திக்கிட்டு நிக்கிறா. திமிரு அப்படியே உன்னை மாதிரி."

மேடையில் நின்றது அவர்கள் மகள் வார்யா இல்லை, வேறு யாரோ ஒரு பெண். வார்யாவுக்கு முதன்முதலாக நாயகி வேடம் கிடைத்தபோது வாங்கிய டிக்கெட்டுகள் இவை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ரதியோன் மனைவியிடம் இத்தனை நாளாக மறைத்துக்கொண்டிருந்தார். கிளாவாவின் இதயம் ஒரு அதிர்ச்சியைத் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் ஏன் பேசுவதில்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம், ஒத்திகை ஓயவில்லை, தொண்டை கட்டிவிட்டது, போன் உடைந்துவிட்டது என்று பொய்மேல் பொய். இன்றைய மாலையைத் தாண்டிவிட்டால் போதும். தாண்டிய பிறகு என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"யாரு அது தொம்முனு இறங்குறது?" கிளாவா கிசுகிசுத்தாள். "நம்ம வார்யா குதிச்சா பூனை குதிச்ச மாதிரியில்ல இருக்கும்?"

ரதியோன் அவசரமாக அவள் காதருகே குனிந்தார். "அது... கூட ஆடுற பொண்ணு. வார்யா இப்பதான் சுத்த ஆரம்பிக்கிறா."

"ஐயா, வாயைக் கொஞ்சம் மூடுறீங்களா?" பக்கத்து இருக்கை அம்மாள் சீறினாள். "கால்பந்து வர்ணனையா நடக்குது இங்க? அதுவும் தப்புத் தப்பா..."

நிகழ்ச்சித் தாளில் செருகியிருந்த துண்டுச் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நாயகியாக இன்று ஆடுபவர் பெயர் அதில் வேறாக இருந்தது.

ரதியோன் நெஞ்சில் கை வைத்து, கண்ணால் மனைவியைக் காட்டினார். அவள் பைனாகுலர் மேடையை விட்டு ஏதோ ஒரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சீட்டை மெல்ல மடித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணா? அடடா, என்னமா ஆடுறா!" என்று கிளாவாவின் காதில் விழும்படி சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சினாள்.

இடைவேளையில், மகளை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பாளோ என்று ரதியோன் பயந்தார். கிளாவா அதைக் கேட்கவே இல்லை. பசிக்கிறது, மீன்முட்டை வைத்த ரொட்டி வாங்கிவா என்றாள். வாங்கி வந்ததைத் தொடவும் இல்லை.

மறுபடி விளக்கு அணைந்ததும் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு ரோத்யா. விடாம சொல்லு."

அவர் சொன்னார். சின்ன வயதில் வார்யா சமையலறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கியது, வழுக்கி விழுந்து எழுந்து சிரித்தது, எல்லாம் மேடையில் நடப்பதாகவே சொன்னார். குரல் உடைந்தபோதெல்லாம் இருமிச் சமாளித்தார். எந்தத் தகப்பனுக்கும் இப்படியொரு வேலை வரக்கூடாது என்று உள்ளுக்குள் கதறினார்.

திரை விழுந்தது. கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. பூக்களை மேடைக்குக் கொண்டுபோகும் பணிப்பெண் அவர்கள் வரிசைக்கு வந்து நின்றாள்.

"இந்தாங்க, எங்க பொண்ணுக்கு" என்று ரதியோன் முந்திக்கொண்டு கொத்தைக் காட்டினார்.

பணிப்பெண் குனிந்து காகிதத்தை விலக்கினாள். முகம் மாறியது.

"ஐயையோ, ஆறு பூவா? இரட்டைப்படையில மேடைக்குக் குடுப்பாங்களாம்மா? அது செத்தவங்களுக்கு வைக்கிறதாச்சே!"

"கண்ணு தெரியாதவளை ஏமாத்திட்டாளே, பாவி!" கடைக்காரியைத் திட்டிக்கொண்டே ரதியோன் பதறி ஒரு பூவை உருவப் போனார்.

கிளாவா கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எடுக்காத ரோத்யா, நான்தான் எண்ணி ஆறு வாங்கினேன். இன்னும் ஒரு சாயங்காலம் உன் வாயாலயாவது அவ ஆடட்டும்னுதான் வந்தேன். நாளைக்கு இந்தப் பூவோட என்னை அவ கல்லறைக்குக் கூட்டிட்டுப் போ."